சரமா, கம்பி ஸ்டாண்டா?

புதிதாகப் பெட்டிக்கடை போடுபவர்கள் சிப்ஸ் பாக்கெட்டைத் தொங்கவிடுவதா, ஸ்டாண்டில் அடுக்குவதா என்று குழம்புகிறார்கள்.

செலவு: சரத்துக்கு நாலு ஆணியும் ஒரு கயிறும் போதும். ஸ்டாண்டைச் சில கம்பெனிகள் இலவசமாகவே தரும்; ஆனால் அவர்கள் சரக்கை மட்டும்தான் அதில் வைக்கச் சொல்வார்கள்.

இடம்: சரம் தரையை அடைக்காது. ஸ்டாண்ட் வழியில் நிற்கும்.

விற்பனை: விஷயமே இங்கேதான். ஐந்து ரூபாய் பாக்கெட்டை வாங்க வைப்பது அம்மாவின் இடுப்பில் இருக்கும் குழந்தை. அதன் முகத்துக்கு நேரே சரம் ஆடும். எட்டிப் பிய்த்துவிட்டால் அப்புறம் காசு கொடுத்துத்தானே ஆக வேண்டும்! ஆனால் பெரிய பாக்கெட், ஜூஸ் பாட்டில் எல்லாம் சரத்தில் தொங்காது. அதற்கு ஸ்டாண்டுதான் சரி.

பாதுகாப்பு: வாசல் சரம் மேற்கு வெயிலில் கிடந்தால் சிப்ஸில் காறல் வாடை வந்துவிடும். ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் எலி வாய் வைக்கும். இரவில் உள்ளே இழுத்தும் வைக்க வேண்டும்.

ஆறடிக் கடைக்குச் சரம். ஆள் உள்ளே நுழைந்து எடுக்கிற மளிகைக் கடைக்கு ஸ்டாண்ட். அங்கேயும் கல்லாவுக்கு மேலே இரண்டு சரமாவது நான் தொங்கவிடுவேன்.