கூஃபாக்ஸா, ரயனா?

பேஸ்பாலில் பந்து வீசுபவரான பிட்சரின் கை எத்தனை வருடம் தாங்கும்? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

சாண்டி கூஃபாக்ஸ் முதல் ஆறு வருடம் சுமார்தான். பிறகு பிடித்தார் பாருங்கள், மூன்று சை யங் விருது (வருடத்தின் சிறந்த பிட்சருக்குத் தருவது), நான்கு நோ-ஹிட்டர் (எதிரணியில் யாரும் பந்தை அடித்து பேஸை எட்டாத ஆட்டம்), அதில் ஒன்று 1965-இல் பர்ஃபெக்ட் கேம், அதாவது எந்த வழியிலும் ஒருவர்கூட பேஸை எட்டாத ஆட்டம். ஆனால் முழங்கையில் மூட்டுவாதம். ஆட்டம் முடிந்ததும் டயர் ட்யூப் ரப்பரில் செய்த உறையை மாட்டி, கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் ஊறப்போடுவார். 1966-இல் 27 வெற்றி எடுத்துவிட்டு, முப்பது வயதில் போதும் என்றார்.

அதே 1966 செப்டம்பரில் அறிமுகமானவர் நோலன் ரயன். 27 சீசன், 5,714 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அடிப்பவரை அவுட் ஆக்குவது), ஏழு நோ-ஹிட்டர். கடைசியை வீசியபோது வயது 44! 324 வெற்றிக்கு 292 தோல்வி, 2,795 வாக் (நான்கு தவறான பந்து வீசி, அடிப்பவருக்கு முதல் பேஸைச் சும்மா கொடுப்பது). சை யங் விருது ஒன்றுகூட இல்லை, விசித்திரம்தான்.

நான் அணி வைத்திருந்தால்? இருபது வருடத்துக்கு ஆள் வேண்டுமென்றால் ரயன், சரி. சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம் என்றால் யோசிக்காமல் கூஃபாக்ஸ். 1965-இல் அப்படியொரு ஆட்டத்துக்கு இரண்டே நாள் ஓய்வில் வந்து, எதிரணியான மினசோட்டாவுக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்தவர் அவர்.