மயிலாடுதுறையில் கவரிங் நகைக்கு முலாம்: எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கொடுக்கலாம்

அம்மாவின் பிஸ்கட் டின்னில் முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்த கவரிங் நகைகளில் எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுக்கு வர முடியாமல், சென்ற மாதம் டின்னோடு தூக்கிக்கொண்டு மயிலாடுதுறைக் கடைத்தெருவில் முலாம் பூசித் தரும் ஒரு சிறு கடைக்குப் போனேன். குறை ஒன்றையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

கடைக்காரர் விலை பேசுவதற்கு முன் ஒவ்வொரு நகையையும் கவிழ்த்துப் பார்த்தார். கொக்கிக்கு அருகே, கண்ணில் படாத இடத்தில் சிறிய அரத்தால் ஓர் இழுப்பு இழுத்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தவற்றை ஒரு தட்டிலும் வெள்ளையாகத் தெரிந்தவற்றை மற்றொரு தட்டிலும் போட்டார். "சிவப்பு செம்பும்மா, எத்தனை தடவை வேணும்னாலும் பூசலாம். வெள்ளை வார்ப்பு, பத்த வச்சா உடைஞ்சிடும்" என்றார். நான் பல நாள்களாக யோசித்தும் பிடிபடாத பிரிவினை பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. இந்தக் கடைக்குப் போகலாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். பச்சை பிடித்த நகை கெட்டுப்போனது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மேலே இருக்கும் தங்கம் மிக மெல்லிய படலம் என்பதால், வியர்வையில் தேய்ந்து அடியிலுள்ள செம்பு வெளியே வரும்போது பச்சை பூக்கிறது, அவ்வளவே. அதைப் போக்குவதாக நினைத்துப் புளி போட்டுத் தேய்த்து, மிச்சமிருந்த முலாமையும் நானே வழித்தெடுத்திருந்தேன்.

ஒரு காசு மாலை, ஓர் ஆரம், நான்கு வளையல்கள் ஆகியவற்றுக்கு 900 ரூபாய் கேட்டார். மூன்று நாளில் தருவதாகச் சொல்லி, சொன்ன நாளில் தந்தார். நிறம் புதுக் கவரிங்கின் பளீர் மஞ்சளாக இல்லாமல், கொஞ்சம் சிவப்புத் தூக்கலாக, பழைய தங்கம் போலவே வந்திருந்தது.

குறை, கெம்பு அட்டிகையில். கெம்புக் கல்லுக்கு அடியில் மெல்லிய வண்ணத் தகடு வைத்திருப்பார்கள். கல் மின்னுவது அதனால்தான். அதைத் தனியாகச் சொல்லாமல் கொடுத்தது என் தவறு என்றாலும், கேட்காமல் மற்றவற்றோடு சேர்த்துத் திரவத்தில் முக்கியது அவர்கள் தவறு. உள்ளே ஈரம் இறங்கி நான்கு கற்கள் புளியங்கொட்டை நிறத்துக்குக் கறுத்துவிட்டன. அதற்குக் கூலி வாங்கவில்லை. ஆனால் கல் திரும்பவில்லை. கல் வைத்த நகையைக் கொடுக்கிறவர்கள், துணியால் துடைத்தால் போதும் என்று அழுத்திச் சொல்லிக் கொடுங்கள்.

நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்குடி அடங்கிய தலைசாமான் நல்ல நிலையில் இருந்தது. சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்திலும் எங்கள் மாயூரநாதர் கோயிலிலும் நாட்டியாஞ்சலி நடக்கும் ஊர்ப்பக்கம் இது. ஒவ்வொரு பிள்ளைக்கும் முழு செட் வாங்கிக் கொடுப்பது எல்லாப் பெற்றோருக்கும் முடிகிற காரியமில்லை என்பதால், நடனம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் உடனே வாங்கிக்கொண்டார். தோடுகளை மட்டும் திருப்பித் தந்தார். மட்டமான வார்ப்பில் நிக்கல் கலந்திருந்தால் சில பிள்ளைகளுக்குக் காது புண்ணாகிவிடுகிறதாம். முலாம் பூசிய ஆரம் எங்கள் கிராமத்து மாரியம்மனுக்குப் போயிற்று. அபிஷேகத்துக்கு முன் கழற்றிவிட வேண்டும் என்று பூசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.

இரட்டை வடச் சங்கிலியை நான் தட்டில் வைக்கவே இல்லை. மேட்டூர் திறந்ததும் குறுவைச் செலவுக்கு அம்மாவின் தங்கச் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்துக்கு அடகு போகும். அது மீளும் வரை ஆவணிக் கல்யாணங்களுக்கெல்லாம் அம்மா போட்டுக்கொண்டு போனது இந்தக் கவரிங்கைத்தான். கழுத்துப்பக்கம் செம்பு தெரியத் தேய்ந்திருக்கிறது. பூசித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்றேன்.

வெள்ளை வார்ப்புத் தட்டில் கிடந்தவற்றைக் கடையில் எடுத்துக்கொள்ளவில்லை. தெருவில் பழைய செம்பு, பித்தளை எடைக்கு எடுப்பவரும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு டின்னிலேயே திரும்பப் போட்டார்.