ஸ்டோன் டவுனில் ஒரு சுவாஹிலி வகுப்பு: ஆசிரியருக்கு முழு மதிப்பெண்

தான்சானியாவின் சான்சிபார் தீவுக்குப் போய், கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலி கற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்குள்ள பழைய நகரமான ஸ்டோன் டவுனில், சந்து ஒன்றின் மாடியில் நடக்கும் சிறிய பயிற்சி நிலையம் அது. கட்டிய ஷில்லிங் வீண்போகவில்லை. ஆனால் அந்தப் பெருமை ஆசிரியரைச் சேரும். அவர்கள் தலையில் கட்டும் பாடநூலை அல்ல.

'ம்வலிமு: ஆசிரியர்' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது பாடநூல். எங்கள் ஆசிரியர் விடவில்லை. கரும்பலகையில் அரபு எழுத்தில் அதன் மூலச் சொல்லான 'முஅல்லிம்' என்று எழுதி, நடுவிலிருந்த தொண்டை ஒலியை விரலால் அழித்தார். கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டினார். (மெய்யில் முடியும் அயல்சொல்லுக்கு உகரம் ஒட்டுவது தமிழ் நாவுக்குப் புதிதா என்ன?) முன்னாலிருந்த 'மு'வைத்தான் சுவாஹிலி தன் சொந்த முன்னொட்டாகவே பாவித்துவிட்டது. 'ம்ஸே' என்றால் பெரியவர், 'வஸே' என்றால் பெரியவர்கள். அதே கணக்கில் ம்வலிமு, வலிமு. புத்தகத்தைக் குறிக்கும் அரபு 'கிதாப்' இங்கே 'கிதாபு' ஆகி, அதன் 'கி'யும் முன்னொட்டாகிப்போய், பன்மையில் 'விதாபு' என்று நிற்கிறது! அரபு இலக்கணம் படித்தவர் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு அதுதான் ருசித்தது.

கல்வியைக் குறிக்கும் 'எலிமு'வும் நம் பள்ளிவாசல்களில் வழங்கும் 'ஆலிம்' என்ற சொல்லும் 'முஅல்லிம்' பிறந்த அதே வேரில் கிளைத்தவை. மாணவரைக் குறிக்கும் 'ம்வனஃபுன்ஸி' மட்டும் அசல் பாண்டுச் சொல், அதாவது சுவாஹிலியின் சொந்த ஆப்பிரிக்க மொழிக்குடும்பத்துச் சொல். பள்ளிக்கூடமோ 'ஷூலே', ஜெர்மானியர் விட்டுப்போனது. ஆக, வகுப்பறையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னாலே மூன்று மொழிக்குடும்பம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கடலோரத்தில் அதே 'முஅல்லிம்' 'மாலிம்' என்றும் உலவுகிறது. டபோராவிலும் புகுவிலும் பள்ளியில் பாடம் நடத்திய ஜூலியஸ் நைரேரே, தான்சானியாவின் அதிபரான பிறகும் மக்களுக்கு ம்வலிமுதான். சான்சிபாரில் நெடுங்காலம் எதிர்க்கட்சி அரசியல் நடத்தி 2021இல் மறைந்த சைஃப் ஷரீஃப் ஹமதும் ஆசிரியராக இருந்தவரே; அவர் 'மாலிம் சைஃப்'. பாடநூலில் இதெல்லாம் மருந்துக்கும் கிடையாது.

ஒரு குறை. அட்டவணையில் 'மூன்று மணி' என்றால் காலை ஒன்பது என்று பொருள். சுவாஹிலிக் கணக்கில் ஏழு மணிதான் ஒன்று. வெளியூர்க்காரர்களுக்குத் தரும் தாளில் இதைச் சொல்லாதது அலட்சியம். அறையில் மின்விசிறியும் ஒன்றே ஒன்று. முன்வரிசையில் இடம் பிடியுங்கள். பாடநூல் வாங்கும் காசுக்கு நல்ல நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.