1846-இல் இல்லாத கவுண்டியின் கல்யாணச் சான்றிதழ்: வம்சாவளி தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் குடும்ப வரலாறு தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கவுண்டி என்பது அங்கே நம் ஊர் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. முக்கியமாக, எங்கள் வீட்டைப் போல ஒரு பக்கம் தமிழ்ச் சொந்தமும் மறுபக்கம் அமெரிக்கச் சொந்தமுமாகப் பிள்ளைகள் வளரும் வீடுகளுக்கு. "கவுண்டி ஆவணங்களை எல்லாம் அலசி உங்கள் வம்சாவளியை முழுமையாகத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனம் என் மாமியாரிடம் 890 டாலர் வாங்கிக்கொண்டு, உலகத்திலேயே இல்லாத ஆவணங்களைத் தயாரித்துக் கொடுத்திருக்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பலன் இருக்காது, ஏற்கெனவே ஒருமுறை பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் நாளை வேறு பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மாமியார் ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கில் உள்ள நோபிள் கவுண்டியில் பிறந்து வளர்ந்தவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஒஹாயோ மரபாய்வுச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. 1820-ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்த மாநிலத்தில் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் என்று நிரூபிப்பவர்களை அவர்கள் 'ஒஹாயோவின் முதல் குடும்பங்கள்' பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதில் தன் பெயரும் பேத்தியின் பெயரும் சேர்ந்து வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். அதற்காகத்தான் அந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டினார். ஒஹாயோவின் 88 கவுண்டிகளின் ஆவணங்களும் தங்கள் கையில் இருப்பதாக அவர்கள் விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள்.

அறிக்கை வந்தது. தோல் மாதிரி மேலட்டை, முதல் பக்கத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கேடயச் சின்னம், உள்ளே குடும்ப மர வரைபடங்கள், கடைசியில் சான்றிதழ் நகல்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப மாமியாரும் நானும் மேஜையில் உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். அவருடைய எள்ளுத் தாத்தாவின் கல்யாணச் சான்றிதழ் வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. 'நோபிள் கவுண்டி, 1846' என்று பொன்னிற முத்திரையோடு இருந்தது.

"1846-இல் நோபிள் கவுண்டியே கிடையாதே. நாங்கள்தானே கடைசிக் கவுண்டி" என்றார்.

அவர் சொன்னது சரி. ஒஹாயோவில் கடைசியாக உருவான கவுண்டி நோபிள். கெர்ன்சி, மன்றோ, மார்கன், வாஷிங்டன் என்ற நான்கு கவுண்டிகளிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1851-இல்தான் அதை அமைத்தார்கள். 1975-இல் தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் கையெழுத்துப் போட்டதாக யாராவது ஒரு காகிதத்தை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? 1986-இல் பிரிக்கும்வரை அது திருநெல்வேலி மாவட்டம்தானே. அதே கதைதான் இது.

அப்புறம் அந்தச் சான்றிதழை வரி வரியாகப் படித்தோம். மணமகன், மணமகள் இருவரின் வயது, பிறந்த ஊர், இருவரின் அப்பா அம்மா பெயர்கள், சாட்சிகள் என்று எல்லாமே இருந்தன. வம்சாவளி தேடுபவர் கனவு காணும் காகிதம். அந்தக் காலத்து ஒஹாயோ கல்யாணப் பதிவில் பொதுவாக இவ்வளவு இருக்காது. தடிப்புத்தகத்தில் இரண்டு மூன்று வரி, அவ்வளவுதான்: இன்ன தேதியில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் செய்துவைத்தேன், கீழே பாதிரியார் அல்லது உள்ளூர் நீதிபதி கையெழுத்து. பெற்றோர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் அடுத்த தலைமுறையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத் தெரிந்துகொண்டு, அது தீர்ந்துவிட்டது போல ஒரு காகிதத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

மற்றவையும் இதே லட்சணம்தான். 1853-இல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு 'ஒஹாயோ மாநிலப் பிறப்புச் சான்றிதழ்' இருந்தது. அங்கே உயில், வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் கவுண்டியின் புரோபேட் நீதிமன்றம் பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கியதே 1867-இல். மாநில அரசு அந்த வேலையை எடுத்துக்கொண்டது 1908 டிசம்பரில். இன்னொரு இடத்தில், 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நோபிள் கவுண்டிப் பக்கம் என்று பக்க எண்ணோடு மேற்கோள். 1890 கணக்கெடுப்பின் தாள்கள் 1921-இல் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் எரிந்தும் நனைந்தும் பாழாயின. மிஞ்சியதையும் பின்னால் அரசே அழித்துவிட்டது. நாடு முழுவதற்குமாகச் சுமார் 6,000 பேரின் விவரங்கள்தான் தப்பின, அதில் நோபிள் கவுண்டி இல்லை. யாராவது உங்களுக்கு 1890 கணக்கெடுப்பிலிருந்து தகவல் தந்தால், அந்த ஊர் தப்பிய துண்டுகளில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

கேடயச் சின்னம் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்து மரபில் சின்னம் தனி ஒருவருக்கு வழங்கப்பட்டு அவர் வாரிசுகளுக்குப் போவது. ஒரே குடும்பப் பெயர் உள்ள எல்லாருக்கும் பொதுவாக ஒரு சின்னம் என்பது கிடையாது. அது முதல் பக்கத்திலேயே இருந்தால் உள்ளே இருப்பதையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். இந்த மோசடி புதிதும் அல்ல. ஸ்வீடனிலிருந்து வந்து நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வாழ்ந்த குஸ்டாவ் ஆஞ்சூ (1863–1942) என்பவர் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கேட்டபடி வம்சாவளிகளைப் புனைந்து விற்றவர். இல்லாத உயில்கள், இல்லாத ஞானஸ்நானப் பதிவுகள் எல்லாம் அவற்றில் இருந்தன. அந்தப் புளுகுகளை உண்மை என்று நம்பிப் பிற்காலத்தில் நகலெடுத்தவர்கள் ஏராளம். இப்போது இணையத்தில் யாரோ போட்ட மரத்தை அப்படியே தன் மரத்தில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் பரவியிருப்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடியிருக்கிறது.

நிறுவனத்திடம் கேட்டோம். "எங்கள் நிபுணர்கள் சரிபார்த்த ஆவணங்கள் இவை" என்று ஒரு மின்னஞ்சல். எந்தப் புத்தகம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, "மூலங்கள் எங்கள் வணிக ரகசியம்" என்றார்கள். கவுண்டி ஆவணத்தில் என்ன ரகசியம்? நீதிமன்றக் கட்டடத்தில் யார் போய்க் கேட்டாலும் காட்டும் புத்தகம் அது. அடுத்த மின்னஞ்சலில், அறிக்கை கைக்கு வந்தபின் பணம் திரும்பத் தர முடியாது என்று விதிமுறையைக் காட்டினார்கள். இதற்கிடையில் 'ஆவணப் பாதுகாப்புக் கட்டணம்' என்று மாதா மாதம் மாமியாரின் கிரெடிட் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது தனிக் கதை.

சரி, உண்மையான பதிவு எங்கே இருந்தது? குடும்பத்தின் நிலம் இருந்த பகுதி 1851-க்கு முன் வாஷிங்டன் கவுண்டியில் இருந்திருக்கிறது. அதன் தலைநகர் மரியெட்டா. 1788-இல் உருவான அந்தக் கவுண்டிதான் ஒஹாயோவிலேயே பழையது. குடும்பம் ஓர் அடிகூட நகரவில்லை, எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறது. எந்த ஆண்டில் எந்த இடம் எந்தக் கவுண்டி என்று பார்க்க, சிகாகோவின் நியூபெரி நூலகம் உருவாக்கிய வரலாற்றுக் கவுண்டி எல்லை வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தத் தேடலுக்கும் முன்னால் அதைப் பாருங்கள்.

ஃபேமிலிசர்ச் தளத்தில் ஒஹாயோ கவுண்டி கல்யாணப் பதிவுகள் 1789 முதல் இருக்கின்றன. மார்மன் திருச்சபை நடத்தும் தளம் அது. கணக்கு தொடங்கவும் பார்க்கவும் காசு கேட்பதில்லை. அங்கே வாஷிங்டன் கவுண்டியின் கீழ், மங்கிய மையில், நான் சொன்ன அந்த இரண்டு மூன்று வரிகள் கிடைத்தன. வயது இல்லை, பெற்றோர் பெயர் இல்லை. பெற்றோரைக் காட்டியது பெண்ணின் அப்பா எழுதிய உயில். 'என் மகள், இன்னாரின் மனைவி' என்று மாப்பிள்ளை பெயரோடு எழுதியிருந்தார். பிறகு ஒரு நில விற்பனைப் பத்திரமும் கிடைத்தது. அந்தக் காலத்தில் கணவன் நிலத்தை விற்றால் மனைவிக்கு அதில் உள்ள விதவைப் பங்கு உரிமையை (கணவன் இறந்தால் அவளுக்கு வரும் பங்கு) அவளும் விட்டுக்கொடுக்க வேண்டும். கணவனை விலக்கிவைத்து அவளைத் தனியே விசாரித்து, விருப்பத்தோடுதான் சம்மதிக்கிறாள் என்று நீதிபதி எழுதுவார். அந்த வரியில்தான் மாமியார் தன் எள்ளுப் பாட்டியின் பெயரை முதல்முறையாக உண்மையான ஓர் ஆவணத்தில் பார்த்தார். கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருந்தார் பாட்டி.

ஃபேமிலிசர்ச்சில் 2024 முதல் கையெழுத்து ஆவணங்களைக் கணினியே படித்துத் தேடித் தரும் வசதி வந்திருக்கிறது. அட்டவணையில் ஏறாத உயில்களும் பத்திரங்களும் அதில் அகப்படுகின்றன. சில படங்களை மட்டும் அவர்களுடைய மையத்திலோ இணைந்த நூலகத்திலோ போய்த்தான் பார்க்க முடியும். பல பொது நூலகங்களில் ஆன்செஸ்ட்ரி என்ற கட்டண வம்சாவளித் தளத்தின் நூலகப் பதிப்பை உள்ளே உட்கார்ந்து காசில்லாமல் பார்க்கலாம். யூ.எஸ்.ஜென்வெப் என்ற தன்னார்வத் திட்டம் 1996-இல் கென்டக்கியில் தொடங்கி, ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு பக்கம் என்று இன்றும் நடக்கிறது. கூட்டாட்சி அரசிடமிருந்து முதன்முதலில் நிலம் வாங்கியவர்களின் பட்டா நகல்கள் நில மேலாண்மைத் துறையின் தளத்தில் இலவசம்.

கவுண்டிக்கே எழுதுவதானால் ஒஹாயோவில் கல்யாணமும் உயிலும் புரோபேட் நீதிமன்றம், நிலப் பத்திரம் ரெக்கார்டர் அலுவலகம். மற்ற மாநிலங்களில் ஏற்பாடு வேறு: லூயிசியானாவில் கவுண்டிக்குப் பதில் பாரிஷ், கனெக்டிகட்டிலும் வெர்மான்ட்டிலும் பல பதிவுகள் ஊர் அலுவலகத்தில்தான் இருக்கும். கவுண்டியின் பெயரையும் முத்திரையையும் போட்டு அரசு அலுவலகம் மாதிரியே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. பணம் கேட்டால் நீதிமன்றக் கட்டடத்துக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

காசு கொடுத்து ஆள் வைப்பது தப்பே இல்லை. நேர்மையான ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேலைக்கு அந்தக் கூலி தகும். 1964-இல் தொடங்கிய மரபாய்வாளர் சான்றளிப்பு வாரியத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் தொகுதி எண், பக்க எண், மூலப் படம் தருவீர்களா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். "தேடினேன், கிடைக்கவில்லை" என்று எழுதத் தயங்காதவர் நல்ல ஆய்வாளர். எங்களுக்கு வந்த அறிக்கையில் அந்த வாக்கியம் ஓர் இடத்தில்கூட இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, கிரெடிட் கார்டில் போன இரண்டாம் தவணையையும் மாதக் கட்டணத்தையும் வங்கி திருப்பித் தந்தது. பில் வந்த 60 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபித்தால் சட்டம் நம் பக்கம் நிற்கும். நோபிள் கவுண்டி 1851-இல் உருவானது என்பதற்கான ஆதாரத்தை இணைத்திருந்தோம், அதுவே போதுமாக இருந்தது. முதல் தவணையை அவர்கள் காசோலையாகக் கேட்டு வாங்கியிருந்தார்கள், அது திரும்பி வரவில்லை. மத்திய வணிக ஆணையத்தின் மோசடிப் புகார் தளத்திலும், ஒஹாயோ அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி பொன்னிற முத்திரை வைத்த அறிக்கை உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், உறையோடும் ரசீதோடும் பத்திரமாக வைத்துக்கொண்டு உங்கள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் நீங்களும் ஒரு புகார் போடுங்கள். பல மாநிலங்களிலிருந்து புகார் போனால் அவர்களால் பெயரை மாற்றிக்கொண்டு தப்பிப்பது கஷ்டம்.