ஆல்டுரா விற்பனைக்கு: டிக்கி காலையில் விழும், மத்தியானம் நிற்கும்

விலையை இன்னொரு தடவை இறக்கியதும் கூட்டாளி ஒருத்தன் போன் போட்டான். "ஏல, ஊரெல்லாம் நல்ல வண்டி நல்ல வண்டின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. பெறவு ஏன் விக்க?" அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

வண்டி மாருதியின் பழைய பலேனோ ஆல்டுரா, பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன் கார், 1590 சிசி, ஜி16பி இன்ஜின். 2015-ல் அதே பெயரில் வந்த ஹாட்ச்பேக் என்று நினைத்துப் பாளையங்கோட்டை வரைக்கும் வந்துவிட்டு, நீளமான பின்பக்கத்தைப் பார்த்ததும் "அண்ணாச்சி, இது ஆம்புலன்ஸா ஓடுனதா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.

எனக்கு முந்தி வைத்திருந்த கோயம்புத்தூர்க்காரர் ரசனையான ஆள். இன்ஜினுக்குத் தெம்பு கூட்ட ஹெட்டர், கேம், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். மூன்றாவது கியரில் மிதித்தால் இந்த வயசிலும் சிரிப்பு வரும். ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டினால் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறையும். உசரமான வண்டியெல்லாம் ஒதுங்கி ஆடும்போது இது ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். பின்சீட்டை மடக்கிவிட்டால் களக்காட்டிலிருந்து ஏத்தன் வாழைத்தார் அடிபடாமல் வந்துசேரும். வேகத்தடையில் அடி தட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது டிக்கிக் கதவு. அந்த மனுஷர் அதன் உச்சியில் ஒரு கனத்த ஸ்பாய்லரை வேறு ஏற்றிவைத்திருக்கிறார். கதவைத் தூக்கித் தாங்கும் ரெண்டு கேஸ் டேம்பரும் (கேஸ் அடைத்த தாங்குகம்பிகள்) கம்பெனிக் கதவின் எடைக்கு அளந்தவை, போதாததற்கு வயசாகி கேஸும் இறங்கிப்போனவை. வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் கேஸ் விரிந்து தெம்பு வரும். அதனால் மத்தியானம் கதவு ஜம்மென்று நிற்கும். மார்கழிக் காலையில் தூக்கிவிட்டுக் குனிந்தால் மெதுவாக இறங்கி வந்து பிடரியில் ஒரு போடு போடும். ஸ்பேர் கடையில் 'பலேனோ டேம்பர்' என்றால் புதுசுக்கு உள்ளதை எடுத்து நீட்டுகிறார்கள். ஒரு மெக்கானிக் வேறேதோ வண்டியின் டேம்பரைப் போட்டுவிட்டார். தள்ளுவிசை எவ்வளவு என்று சிலிண்டர் மேலேயே நியூட்டன் கணக்கில் அடித்திருக்கும், அதைப் பார்த்தால்தானே! கதவு படாரென்று எகிறி, கீலே வளைந்துபோச்சு. கீலை நிமிர்த்தி, பழைய டேம்பரையே திரும்ப மாட்டி, இப்போது ஒரு மூங்கில் கம்பு வண்டியிலேயே கிடக்கிறது. அதையும் சேர்த்தே தருகிறேன்.

வாங்க வருகிறவர்கள் எல்லாம் காலையில்தான் வருகிறார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்கச் சொன்னால் கேட்பதில்லை. நேராக டிக்கியைத் திறக்கிறார்கள்.

கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மாடிஃபை வண்டி என்றாலே ஆட்கள் யோசிக்கிறார்கள். நியாயம்தான். ஒரிஜினல் சைலன்சர், ஸ்பிரிங், ஏர் பாக்ஸ் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, வண்டியோடு வரும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆர்.சி. புதுப்பிக்கணும், அப்போது திரும்ப மாட்டிக் காட்ட உதவும். பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30 கையெழுத்துப் போட்டுத் தருவேன். பெயர் மாற்றாமல் ஓட்டுகிற யோசனை இருந்தால் வரவேண்டாம்.

கூட்டாளி கடைசியில், "அப்போ நான் எடுத்துக்கிடட்டுமா?" என்றான். வேண்டாம்ல என்றேன். பத்துத் தடவைக்கு ஒன்பது தடவை சந்தோஷம் கொடுக்கிற வண்டிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குக் காலையிலும் பிடரியில் வாங்கியிருக்கிறேன். இந்தக் கோபம் ஆறுவதற்குள் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போனால் நல்லது. அலாய் வீலை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கேட்கிறவர்கள் போன் போடவேண்டாம். ஸ்பாய்லரை மட்டும் கேட்டால் காசே வேண்டாம், ஸ்பானரோடு வாங்க.