விலை பாதியாச்சு, ஒழுகல் பாதியாகலை

புது மாடல் வந்ததும், மின்சிகரெட்டில் நிகோட்டின் லிக்விடை நிரப்பும் இந்த டேங்கின் விலை பிரிட்டன் கடைகளில் பாதிக்கு இறங்கிவிட்டது. "இப்போ வாங்கலாமா?" என்று கேட்ட நண்பருக்காக எழுதுகிறேன். இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட் விற்பனைக்குத் தடை, சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2 மில்லி கண்ணாடி, மேலே நிரப்பும் மூடி, அடியில் காற்றுத் துளைகளைத் திறந்து மூடும் காற்று வளையம். மற்ற அளவுகள் பெட்டியிலேயே அச்சாகியிருக்கின்றன. சுவையில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. காற்று அடியிலிருந்து நேராக, லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளான காயிலில் மோதுவதால் வரும் சுவை அது. ஒழுகலும் அதே வழியாகத்தான் வருகிறது.

ஒழுகுகிறதென்றால் எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது என்றுதான் நினைப்போம். இதில் ஓட்டை முன்பே இருக்கிறது, காற்று வரும் வழியே அதுதான். லிக்விடைக் கீழே விடாமல் பிடித்து வைப்பவை இரண்டு: காயிலுக்குள் ஊறிய பஞ்சு, டேங்கின் தலையில் காற்றழுத்தம் குறைந்து நிற்கும் வெற்றிடம். 20 லிட்டர் தண்ணீர் கேனை மண்பானை மேல் கவிழ்த்து வைப்போமே, அதே கணக்கு. கேனின் மேல்பக்கம் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், பானை நிரம்பி வழிந்து தரையெல்லாம் ஈரமாகிவிடும். விரிசலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வந்திருக்காது, காற்று மட்டும் உள்ளே போயிருக்கும். அதனால் டேங்க் அடியில் ஒழுகினால் முதலில் மேலே பாருங்கள்.

இந்த மாடலின் நோய் அங்கேதான். மூடிக்குள் இருக்கும் சிலிக்கோன் வாஷர் மெல்லியது. காய்ந்த நிலையில் மூடியைத் திருகினால் ஒரு பக்கம் மடிந்து உள்ளே சுருண்டுகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் மூடி சரியாக உட்கார்ந்த மாதிரியே தெரியும். வாஷரைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடையுங்கள். ஒரு சொட்டு விஜியை (லிக்விடில் கலக்கும் தாவரக் கிளிசரின்) விரலில் தொட்டுச் சுற்றிலும் தடவி, விளிம்பு முழுக்கப் பள்ளத்தில் படிந்ததா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு மூடுங்கள். கண்ணாடியின் மேல் ஓ-ரிங்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நன்றாக அமர்ந்திருந்தால் சுற்றிலும் ஒரே தடிமனில் கறுப்புக் கோடு தெரியும், ஓரிடத்தில் மெலிந்தோ பிதுங்கியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். கீழ் ஓ-ரிங்குகளும் காயிலின் திருகும் அதற்குப் பிறகுதான். காயில் கோணலாகத் திருகியிருந்தால் எந்த வாஷரும் காப்பாற்றாது. பாதிச் சுற்று பின்னால் திருப்பி, மரை பிடிப்பதை உணர்ந்த பிறகு கையிறுக்கமாக முடுக்குங்கள். இடுக்கி வேண்டாம்.

நிரப்பும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். காற்று வளையத்தை முழுக்க மூடிவிட்டு நிரப்ப ஆரம்பியுங்கள். நடுக்குழாய்க்குள் ஒரு சொட்டும் விழக்கூடாது. கழுத்துவரை நிரப்பாமல் சிறிது காற்றிடம் விடுங்கள். மூடியைத் திருகும்போது உள்ளே அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் லிக்விடைப் பஞ்சு வழியாகத் தள்ளப் பார்க்கும். அதனால் மூடியதும் டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, அப்படியே பிடித்தபடி காற்று வளையத்தைத் திறந்து, பிறகு நிமிர்த்துங்கள். கவிழ்ந்த நிலையில் லிக்விட் மூடிப் பக்கம் போய்விடும், ஏறிய அழுத்தம் காயில் வழியாக வெறும் காற்றாக வெளியேறும். பத்து விநாடி வேலை. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

புதுக் காயிலென்றால் பஞ்சு தெரியும் துளைகளில் நான்கைந்து சொட்டு விட்டு, டேங்கை நிரப்பிய பின் பத்து நிமிடம் சும்மா வையுங்கள். மின்தடை 1 ஓமுக்குக் கீழான காயிலின் துளைகள் பெரியவை, அதற்கு 70 சதவீதம் விஜி உள்ள கெட்டியான லிக்விட்தான் சரி. விஜி பாதி மட்டுமே உள்ள நீர்த்த கலவையை 0.4 ஓம் காயிலில் ஊற்றிவிட்டு டேங்கைத் திட்டுவது நியாயமில்லை. வாட்டைக் காயிலில் பொறித்த வரம்புக்குக் கீழே வைத்தாலும் பஞ்சுக்கு வரும் லிக்விட் ஆவியாகாமல் தேங்கிக் களகளவென்று சத்தம் போடும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப் போனால் விஜி இளகி, உள்காற்றும் விரிந்து, திரும்பி வரும்போது கப் ஹோல்டரில் குளம் கட்டியிருக்கும்.

களகளவென்று கேட்டால் பட்டனைத் தொடாதீர்கள். டேங்கைக் கழற்றி, காற்றுத் துளைகளைச் சுற்றி டிஷ்யூவை நாலாக மடித்துப் பிடித்து, வாய்முனை வழியாக மெதுவாக ஊதுங்கள். தேங்கியது முழுக்க டிஷ்யூவில் இறங்கிவிடும். டேங்கைப் பேட்டரியோடு இணைக்கும் திருகான 510 முனையையும் பேட்டரிப் பக்கப் பள்ளத்தையும் உலரத் துடையுங்கள், இல்லாவிட்டால் திரையில் "டேங்கைச் சரிபார்க்கவும்" என்று வந்து நிற்கும். பட்டன் ஓரத்திலோ சார்ஜ் துளையிலோ லிக்விட் தெரிந்தால் சார்ஜில் போடவே போடாதீர்கள். கையில் பட்ட லிக்விடைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நிகோட்டின் தோல் வழியாகவும் உள்ளே போகும். துடைத்த டிஷ்யூ குழந்தை கைக்கோ நாய் வாய்க்கோ எட்டக்கூடாது.

இன்னொன்று, எல்லா ஈரமும் ஒழுகல் இல்லை. அடியில் தண்ணீராக, நிறமில்லாமல் நான்கு பொட்டு இருந்தால் அது ஆவி குளிர்ந்து படிந்தது. தினம் ஒரு துடைப்பு போதும். பிசுபிசுப்பாக, லிக்விடின் நிறத்திலேயே இருந்தால்தான் ஒழுகல்.

விமானத்தில் மட்டும் எந்தச் சூத்திரமும் பலிக்காது. கேபின் அழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து லிக்விடை வெளியே தள்ளியே தீரும். ஏறுமுன் டேங்கைக் காலி செய்து, பேட்டரி இருப்பதால் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

இதில் எரிச்சல் என்னவென்றால், 2014 ஐரோப்பியப் புகையிலை விதி டேங்குக்கு 2 மில்லி வரம்பு வைத்ததோடு, ஒழுகாமல் நிரப்பும் வழியும் இருக்க வேண்டும் என்று கேட்டது. பிரிட்டனும் 2016இல் அதையே சட்டமாக்கியது. 2 மில்லி வரம்பு அச்சுப் பிசகாமல் இருக்கிறது. ஒழுகாமல் நிரப்பும் வேலையை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

வாஷரைச் சரியாக உட்கார வைத்து, கவிழ்த்துத் திறந்தால் வாரக்கணக்கில் ஒரு சொட்டு வராது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் வாங்காதீர்கள். பாதி விலைக்கும் வேண்டாம், மேலே காற்றுத் துளை வைத்த டேங்காகப் பாருங்கள். சுவை ஒரு படி குறையும், சட்டைப்பை நனையாது. என்னுடையதற்கு நேற்றுத்தான் இரண்டு உபரிக் கண்ணாடியும் ஒரு பொட்டலம் வாஷரும் ஆர்டர் போட்டேன்.