புதிய யூனிட் என்று பில் போட்டார்கள், பழையதையே மாட்டித் தந்தார்கள்

காரோடு சேர்ந்தே வந்த ஸ்டீரியோ, நேவிகேஷன் யூனிட் அளவுக்கு மீறிச் சூடாகி அணைந்துபோகும் கோளாறுக்காக, அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் ஒன்றில் புதிய யூனிட்டுக்கு உரிய முழுத் தொகையையும் கட்டினேன். அவர்கள் துடைத்துத் திரும்ப மாட்டிக் கொடுத்தது என்னுடைய பழைய யூனிட்டையே. இதே கோளாறோடு வேறு யாரும் அப்படி ஒரு கவுன்டரில் போய் நிற்கக் கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் கோளாறு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை எடுத்து அரை மணி நேரம் ஆனதும் பாட்டு நின்றுவிடும், ஆனால் வரைபடம் ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் திரை மங்கி, யூனிட் தானாக அணைந்து மறுபடி தொடங்கும். நிழலில் நிறுத்திச் சற்று நேரம் கழித்து இயக்கினால் எந்தக் குறையும் இருக்காது. விடியற்காலைப் பயணத்தில் ஒருமுறைகூட அணைந்ததில்லை, டாஷ்போர்டின் மீது வெயில் விழுந்தால் மட்டும் தவறாமல் அணையும். ஒருமுறை சிடியை வெளியே எடுத்தபோது விரலில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டது. பின்பக்கக் கேமராவின் படமும் இதே திரையில்தான் வரும் என்பதால், வண்டியைப் பின்னால் எடுக்கும் நேரத்தில் திரை இருண்டுபோனபோது உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

சர்வீஸ் சென்டரில் முதல் முறை மென்பொருளைப் புதுப்பித்து அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கினார்கள். பட்டறை நிழலில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டி, சரியாகிவிட்டது என்று அனுப்பினார்கள். சூடேறினால் மட்டும் வரும் கோளாறைக் குளிர்ந்த வண்டியில் சோதித்தால் என்ன தெரியும்? மறுநாளே மீண்டும் அணைந்தது. இரண்டாம் முறை போனபோது சர்வீஸ் அட்வைசர், “போர்டே போயிடுச்சு மேடம், முழு யூனிட்டையும் மாத்தியாகணும்” என்றார். போர்டு என்றால் யூனிட்டுக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றுப் பலகை. திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். இதையெல்லாம் திறக்கவே கூடாது என்பதுதான் பதில். வெளியில் வேறு யூனிட் வாங்கிப் போடலாமா என்றால், திருட்டுத் தடுப்புக் குறியீட்டின் மூலம் யூனிட் வண்டியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, வேறொன்றைப் போட்டால் இயங்காது என்றார். பல கார்களில் இது உண்மைதான். அந்த உண்மையைக் காட்டித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தார்கள். வாரண்டி முடிந்திருந்ததால் முழுச் செலவும் என் தலையில் விழுந்தது.

நான்கு நாள் கழித்து வண்டி வந்தபோது திரையின் மீது புதுப் பொருளுக்கு ஒட்டுவது போல மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அதை உரித்தேன். வலது கீழ் மூலையில், முன்பு என் மகள் சாவியால் இழுத்த மெல்லிய கீறல் அப்படியே இருந்தது. நெஞ்சு பதறியது. நேவிகேஷனைத் திறந்து முன்பு சென்ற இடங்களின் பட்டியலைப் பார்த்தால், நான் என் கையால் பதிந்து வைத்திருந்த “அம்மா வீடு” முதல் வரியில் நின்றது. முதல் முறை போவதற்கு முன் மென்பொருள் பதிப்பைத் தெரிந்துகொள்வதற்காக யூனிட்டின் விவரப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன், அதில் சீரியல் எண்ணும் இருந்தது. அந்தப் படத்தையும் இப்போது திரையில் தெரிந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

கேட்டதற்குப் பழைய தகவல்களைப் புதிய யூனிட்டுக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். கீறலையும் மாற்றினீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கழற்றிய யூனிட்டைக் காட்டச் சொன்னேன், நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். பில்லில் உதிரிப்பாகத்தின் எண் மட்டும் இருந்தது, அந்தக் குறிப்பிட்ட யூனிட்டின் சீரியல் எண் எங்கும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் அதைக் கவனிக்காதது என் தவறு.

அடுத்த வாரமே யூனிட் மறுபடியும் அணைந்தது. இந்த முறை, கார் ஸ்டீரியோக்களைப் பல ஆண்டுகளாகப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.2 வோல்ட் இருப்பதைப் பார்த்தார். பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்கலாம், அதைத் தாண்டி ஏறினால் யூனிட்டைக் குறை சொல்வதற்கு முன், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு ஸ்பீக்கர்கள் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டார். 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் 2 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால், யூனிட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டத்தைத் தள்ள வேண்டியிருக்கும், அதனாலேயே கொதிக்கும். என் வண்டியில் எதுவும் மாற்றப்படவில்லை.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு யூனிட்டை வெளியே இழுத்ததும் காரணம் கண்முன் நின்றது. பின்புறம் தீப்பெட்டி அகலமே இருக்கும் சின்ன ஃபேன் ஒன்று, அதன் இதழ்களைச் சுற்றித் தூசியும் நூல் பிசிறும் கம்பளி போலத் திரண்டிருந்தன. விரலால் தள்ளினால் கால் சுற்று நகர்ந்து நின்றுவிட்டது. 12 வோல்ட் மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்தும் அது சுற்றவில்லை. “இது போர்டு கோளாறே இல்லம்மா, மூச்சுக் குழாய் அடைச்சிருக்கு” என்றார். ஆம்ப்ளிஃபையர் சிப் இழுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. அந்த வெப்பத்தை, சிப்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பாகமான ஹீட் சிங்கிலிருந்து ஃபேன் தள்ளாவிட்டால், சிப் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் ஒலியை நிறுத்துகிறது. பாட்டு நின்ற பிறகும் வரைபடம் ஓடியதற்கு அதுதான் காரணம். சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே வெப்பத்தைக் கடத்துவதற்காக இருந்த பசை காய்ந்து பொடியாகியிருந்தது. உள்ளே இருந்த திருகுகளில் ஒன்றில்கூடக் கழற்றிய தடயம் இல்லை என்பதையும் அவர் காட்டினார். அதாவது, போர்டு போய்விட்டது என்று சொன்னவர்கள் அதைப் பார்க்கவே இல்லை.

ஃபேனை மாற்றி, புதுப் பசை வைத்து, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். சர்வீஸ் சென்டரில் மென்பொருளுக்காக மட்டும் வாங்கிய கட்டணத்தைவிட அவர் கேட்ட கூலி குறைவு. கடும் வெயிலில் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், ஒருமுறையும் அணையவில்லை.

உங்கள் யூனிட்டும் இப்படி அணைந்தால், வண்டியை ஒப்படைக்கும் முன் சீரியல் எண் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். வண்டியில் செய்ய வேண்டிய வேலைகளை சர்வீஸ் சென்டர் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் “கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்” என்று எழுதச் சொல்லுங்கள். புதிய யூனிட்டின் சீரியல் எண்ணைப் பில்லில் குறிக்காமல் பணம் கட்டாதீர்கள். எஞ்சினையும் ஏசி காற்றையும் நிறுத்தி, ஸ்டீரியோவை மட்டும் ஓடவிட்டு, ஃபேன் சுற்றும் சத்தம் வருகிறதா என்று டாஷ்போர்டில் காதை வைத்துக் கேளுங்கள். சில யூனிட்களில் ஃபேன் சூடேறிய பிறகே சுற்றத் தொடங்கும் என்பதால், பாட்டு நிற்கும் கட்டத்தில் கேட்பதுதான் சரியான சோதனை.

கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் படங்கள், பில் நகல், பெரியவரின் எழுத்துப்பூர்வமான குறிப்பு எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். ஜாப் கார்டின் நகலைக் கேட்டார்கள், அதையும் கொடுத்துவிட்டேன். பணம் இன்னும் திரும்பி வரவில்லை. சுற்றாத அந்த ஃபேனைத் தூசியோடு அப்படியே ஓர் உறையில் போட்டு, பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.